மாமாவின் டிவிடிகளை வாடகைக்கு விடலாமா? பெரிய கம்பெனிகள் விடுவார்களா?

லாஸ்பேட்டை வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். என் தாய்மாமா முத்தியால்பேட்டையில் வீடியோ கடை வைத்திருந்தார். கேசட்டில் ஆரம்பித்து விசிடி, டிவிடி வரைக்கும் ஓட்டிவிட்டு மூடிவிட்டார். சமீபத்தில் வீடு மாறும்போது பரணில் இருந்த டிவிடி பெட்டிகளை எங்களிடம் கொடுத்தார். பழைய தமிழ்ப் படங்கள்தான் அதிகம். கொஞ்சம் மலையாளம், கொஞ்சம் பிரெஞ்சு. நண்பர்களும் நானும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தேடி வாங்கியவையும் அதோடு சேர்ந்துவிட்டன.

பெட்டியிலேயே பூட்டி வைக்க மனமில்லை. சின்ன அறை ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு படத்துக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடலாம் என்று யோசிக்கிறோம். எங்கள் வீட்டில் மூன்று ஓடிடிக்குப் பணம் கட்டுகிறோம். அப்பா கேட்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் பாதி எதிலும் இல்லை. போன மாதம் இருந்த படம் இந்த மாதம் காணாமல் போகிறது. தனியாக வாடகை கட்டிப் பார்க்கும் படம் என்றால், பார்க்க ஆரம்பித்து 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். அம்மாவுக்கு ஒரு படம் பார்த்து முடிக்க நாலு இரவு ஆகும்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை நான் வாடகைக்கு விடச் சட்டத்தில் இடம் உண்டா? இரண்டு, இத்தனை ஆப்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டே போகின்றனவே, இதைத் தட்டிக் கேட்க யாரும் இல்லையா? பெரிய கடைகள் வந்துதான் சின்னக் கடைகள் செத்தன என்பது மாமாவின் கட்சி. அது சரிதானா என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ஈசிஆர் ரைடர்:

நண்பா, உன் ஆசை புரிகிறது. ஆனால் இன்றைக்கு யார் வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது? லேப்டாப்பில்கூட டிஸ்க் போடும் வழி இல்லை. வாடகை அறைக்குக் கட்டும் பணத்தை ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடு. போட்டி பற்றி நீ கவலைப்படவும் தேவையில்லை. பிடிக்காத ஆப்பை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாற ஒரு நிமிடம் போதும்.


புலியூர் அக்கா:

தம்பி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் வீட்டுக்காரரும் வீடியோ லைப்ரரி நடத்தினோம். லாரன்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெரு. அவர் கேசட் போடும் டெக்கையும் கலர் டிவியையும் வண்டியில் கட்டிக்கொண்டு மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாண வீடு என்று போய்விடுவார். கவுண்டர் என் பொறுப்பு. உன் மாமா பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொல்லும் காரணத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூப்பிடு தூரத்தில் எங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று கடைகள் இருந்தன. எல்லோருக்கும் பிழைப்பு நடந்தது. ஒருவரிடம் எம்ஜிஆர் படங்கள் அதிகம். எங்களிடம் சிவாஜி படங்களும் பக்திப் படங்களும். ஒருவர் வாடகையை ஒரு ரூபாய் குறைத்தால் மறுநாள் நாங்களும் குறைப்போம். அவர் ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்தினால் நாங்கள் பத்து மணி வரை திறந்திருப்போம். ரீவைண்ட் செய்யாமல் கொண்டு வருகிறவர்களிடம் அங்கே தனியாகக் காசு வாங்குவார்கள். இங்கே வாங்க மாட்டோம், நானே சுற்றி வைத்துவிடுவேன். இதெல்லாம் போட்டிதான், வாடிக்கையாளருக்கு நல்லதுதான். இதில் யாரும் சாகவில்லை.

எங்களை நெரித்தது கேசட் வந்த வழி. தியேட்டர் விநியோகத்தில் என்எஸ்சி என்று ஒரு ஏரியா உண்டு, கேள்விப்பட்டிருப்பாய். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது. வீடியோவிலும் அதே மாதிரி பிரித்து விற்றார்கள். சென்னையில் படத்தின் வீடியோ உரிமையை வாங்கியவர், எங்கள் பக்கத்துக்கு என்று ஓர் ஏஜென்ட் போட்டிருந்தார். அவர் ஒருவர்தான். புதுப் படம் ஒன்று வேண்டுமென்றால் கூடவே ஓடாத படம் நாலு எடுக்க வேண்டும். அந்த நாலும் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும், பணம் மட்டும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அவருடைய ஸ்டிக்கர் இல்லாத கேசட் கடையில் இருந்தால் ஆளோடு வந்து நிற்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறவரும் அவர், விலை சொல்கிறவரும் அவர். அப்புறம் ஒரு நாள் அவரே பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாகக் கடை போட்டார். அதிலிருந்து புதுப் படம் எங்களுக்குப் பத்து நாள் தள்ளித்தான் வரும். கேட்டால், இன்னும் பிரதி போடவில்லை என்பார். அவர் கடையில் அதே படம் கண்ணாடி அலமாரியில் நிற்கும். வழக்கமாக எங்களிடம் வரும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், "என்னக்கா, உங்ககிட்ட மட்டும் புதுசே வராதா" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஊரில் வாடகைக் கடை எத்தனை என்று எண்ணினால் நிறைய இருந்தன. அத்தனை பேரும் கையேந்தி நின்றது ஒரே ஆளிடம். இன்றைக்கு உன் போனில் இருக்கும் ஆப்களை எண்ணுவதும் அப்படித்தான். ஈசிஆர் ரைடர் தம்பி சொல்கிறார், ஒரு நிமிடத்தில் மாறலாம் என்று. நீ தேடும் படம் ஒரே ஆளிடம் இருந்து, அவர் கொடுக்காவிட்டால் எந்த ஆப்புக்கு மாறுவாய்? படம் யார் கையிலிருந்து வருகிறது, அவர் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விலைக்குக் கொடுக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் கடை மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு. கேபிள்காரர்கள் ராத்திரியில் புதுப் படம் போட ஆரம்பித்ததும் பாதி வியாபாரம் போனது. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டு வந்தபோது, வாடகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று ஆனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்கடையிலும் கிடைத்தது, எங்களுக்கும் கிடைத்தது, யாரையும் காக்க வைக்கவில்லை. அப்படித் தோற்றால் மனசு ஆறும். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' என்ற புயலில் கூரை போய், மிச்சமிருந்ததும் நனைந்து பூஞ்சை பிடித்தது. அதற்குப் பிறகு திறக்கவில்லை.

நீ திற தம்பி. ஆனால் சட்டம் தெரிந்த யாரிடமாவது கேட்டுவிட்டுத் திற.


மஞ்சக்குப்பம் வக்கீல்:

புலியூர் அக்கா சொன்ன விஷயத்தைச் சுற்றித்தான் அமெரிக்காவில் பல வருடம் வழக்குகள் நடந்தன. அதைச் சொன்னால் நம் ஊர் நிலைமையும் விளங்கும்.

முதலில் தம்பியின் முதல் கேள்வி. அமெரிக்காவில் ஒரு படத்தின் பிரதியைச் சட்டப்படி வாங்கிவிட்டால், அந்தப் பிரதியை விற்கலாம், வாடகைக்கும் விடலாம். தயாரிப்பாளரிடம் மறுபடி கேட்க வேண்டியதில்லை. அந்த ஊரில் வீடியோ கடைகள் முளைத்ததற்கு அடிப்படையே இதுதான். ரெட்பாக்ஸ் என்ற கம்பெனி சூப்பர் மார்க்கெட் வாசல்களில் இயந்திரம் வைத்து டிவிடியை ஒரு நாளைக்கு 1 டாலருக்கு வாடகைக்கு விட்டது. 2008, 2009 வாக்கில் யுனிவர்சல், ஃபாக்ஸ், வார்னர் ஆகிய பட நிறுவனங்கள், புதுப் பட டிஸ்க்கை அதற்கு வாரக்கணக்கில் தள்ளித்தான் தருவோம் என்றன. அக்காவின் பத்து நாள் கதைதான். ரெட்பாக்ஸ் என்ன செய்தது தெரியுமா? ஆட்களை அனுப்பிச் சாதாரணக் கடைகளில் டிஸ்க் வாங்கி இயந்திரத்தில் போட்டது. கூடவே தொழில் போட்டியைக் காக்கும் சட்டத்தின் கீழ் வழக்கும் போட்டது. கடைசியில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், வார்னரோடு 28 நாள் தள்ளி வாங்கச் சம்மதித்தார்கள். ஆனாலும் கடையில் வாங்கிப் போடும் வழி இருந்ததால் பேச்சுவார்த்தையில் ரெட்பாக்ஸ் வெறுங்கையோடு உட்காரவில்லை.

நம் நாட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 14ஆவது பிரிவில், திரைப்படப் பிரதியை வாடகைக்கு விடும் உரிமையைப் படத்தின் உரிமையாளருக்கே கொடுக்கிறது. டெல்லியில் ஒருவர் அமெரிக்காவில் முறையாக வாங்கிய டிவிடிகளைக் கொண்டுவந்து வாடகைக்கு விட்டார். வார்னர் நிறுவனம் வழக்குப் போட்டது. டிஸ்க் அசலாகவே இருந்தாலும் இங்கே அனுமதியில்லாமல் வாடகைக்கு விடுவது உரிமை மீறல் என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே தம்பி, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு வியாபாரமாகச் செய்தால் பிரச்சினை வரும்.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2012 திருத்தத்தில் "வணிக வாடகை" எது என்று வரையறுத்தார்கள். லாப நோக்கமில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ, முறையாகப் பெற்ற பிரதியை லாப நோக்கமின்றி இரவல் கொடுப்பது அதில் சேராது என்று 2ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் கடை போடாமல் நூலகம் போடுங்கள். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதியலாம், ஏழு பேர் வேண்டும். சந்தா வாங்கினால் அறை வாடகை, மின்சாரம், டிஸ்க் பராமரிப்பு என்று கணக்கு எழுதி வையுங்கள். பொது இடத்தில் திரையிடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 1998இல் அமெரிக்காவின் மிகப் பெரிய வாடகைச் சங்கிலியான பிளாக்பஸ்டர், பட நிறுவனங்களோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. அதுவரை ஒரு கேசட்டுக்குச் சுமார் 65 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. புதிய ஏற்பாட்டில் சுமார் 8 டாலர் கொடுத்தால் போதும், வாடகை வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பட நிறுவனத்துக்கு. உடனே பிளாக்பஸ்டர் கடைகளில் புதுப் படம் அலமாரி அலமாரியாக நின்றது. சின்னக் கடைக்காரர் அதே படத்தை 65 டாலருக்கு இரண்டு பிரதி வாங்கி, வந்தவரையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நீதிமன்றத்தில் சின்னக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2002இல் தோற்றார்கள். பட நிறுவனங்கள் கூடிப் பேசிச் சதி செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார்.

என் பார்வையில் இந்த வழக்குகளில் கவனிக்க வேண்டியது, எதைச் சந்தை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. 2005இல் பிளாக்பஸ்டர் அடுத்த பெரிய சங்கிலியான ஹாலிவுட் வீடியோவை வாங்கப் பார்த்தது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் துருவித் துருவி விசாரித்தது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும் பிளாக்பஸ்டர் விலகிக்கொண்டது. மூவி கேலரி என்ற மூன்றாவது சங்கிலி ஹாலிவுட் வீடியோவை வாங்கியது. 2010இல் மூவி கேலரியும் பிளாக்பஸ்டரும் ஒரே வருடத்தில் திவாலாகின. ஆணையம் தெருவில் இருந்த கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தபாலில் டிவிடி அனுப்பும் நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது. அதே 2005இல் வால்மார்ட் தன் தபால் வாடகைத் தொழிலை விட்டுவிட்டு வாடிக்கையாளர்களை நெட்ஃபிளிக்ஸ் பக்கம் அனுப்பியது. சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று சந்தாதாரர்கள் வழக்குப் போட்டார்கள். வால்மார்ட் சுமார் 2.7 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் பேசியது. நெட்ஃபிளிக்ஸ் கடைசி வரை நின்று ஜெயித்தது, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம் ஊரில் இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது, 2002ஆம் ஆண்டுச் சட்டம். 4ஆவது பிரிவு ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. யார் வேண்டுமானாலும் தகவல் மனு கொடுக்கலாம். ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்திய ஊடகத் தொழிலை இணைத்தபோது, 2024 ஆகஸ்டில் ஆணையம் நிபந்தனைகளோடுதான் அனுமதி கொடுத்தது. அடுத்த பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப் ஆயின. கிரிக்கெட் விளம்பரம், டிவி சேனல்கள் இவற்றைச் சுற்றித்தான் அதில் பேச்சு அதிகம். உங்கள் அப்பா தேடும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.


லாஸ்பேட்டை வாசகன்:

வக்கீல் சார், மிகவும் நன்றி. நூலகம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம், இன்னும் இருவரைப் பிடிக்க வேண்டும். இரவல் கட்டணம் வைக்காமல் வருடச் சந்தா மட்டும் வாங்கலாம் என்று இப்போது பேசிக்கொண்டோம்.

மாமாவிடம் அக்காவின் பதிவைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாம், எனக்கும் நாலு ஓடாத படம்தான் தலையில் கட்டினார்கள்" என்றார். அந்தப் படங்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எந்த ஆப்பிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா, ஒரு சந்தேகம். 4ஆவது பிரிவின் கீழ் மனு கொடுத்தால் உங்கள் ஏஜென்ட் மாதிரி ஆட்களை அன்றைக்கு நிறுத்தியிருக்க முடியுமா?


மஞ்சக்குப்பம் வக்கீல்:

இதற்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததே 2009 மே மாதத்தில்தான். அதற்கு முன் இருந்தது 1969ஆம் ஆண்டு ஏகபோகத் தடைச் சட்டம். ஒன்றோடு இன்னொன்றைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவதை அதுவும் கண்டித்தது. ஆனால் திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரர் டெல்லிக்கு எழுதி, பதில் வருவதற்குள் அந்தப் படம் டிவியிலேயே வந்திருக்கும். இப்போதைய சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பதிப்புரிமையைக் காக்க உரிமையாளர் நியாயமான நிபந்தனை போட்டால் அதை, போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கும் 3ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எது நியாயம் என்பதில்தான் வாதமே.


ஈசிஆர் ரைடர்:

என் வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு பிளேயர் இருக்கிறது. ரிமோட் இல்லை. நூலகத்துக்குத் தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆப் மாற ஒரு நிமிடம் என்று நான் சொன்னது, எல்லோரிடமும் இருக்கும் படங்களுக்குப் பொருந்தும். அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.


புலியூர் அக்கா:

வக்கீல் தம்பி சொன்னது சரி, டெல்லிக்கு எழுத எங்களுக்கு யோசனையும் வந்ததில்லை, நேரமும் இருந்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், மனு கொடுக்க வாய்ப்பிருக்கிற நீங்கள் நூலகத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் படம் எந்த ஆப்பில் இருந்தது, எப்போது எடுத்தார்கள், வாடகைக்கு வைத்தபோது என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். கடையில் நான் எல்லாவற்றையும் எழுதுவேன், ஏஜென்ட் எந்தத் தேதியில் எதைக் கொடுத்தார் என்பதை மட்டும் எழுதவே மாட்டோம். எழுதியிருந்தால் நாலு கடைக்காரர்களும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கலாம்.

டிஸ்க் பிரிக்கும்போது ஒன்று கவனி. கம்பெனி டிஸ்க் என்றால் அட்டையில் சென்சார் சான்றிதழின் நகல் இருக்கும், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர் இருக்கும். அதெல்லாம் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, 52ஏ பிரிவு என்று எங்களிடம் சோதனைக்கு வந்தவர்கள் சொல்வார்கள். அது இல்லாததையெல்லாம் தயங்காமல் ஒதுக்கு. வக்கீல் தம்பி சொன்ன அந்தக் கதவு முறையாக வாங்கிய பிரதிக்குத்தான். ஒரு திருட்டு டிஸ்க் அலமாரியில் இருந்தாலும் மொத்தத்தையும் மூட அது போதும்.

கடற்கரை ஊர் என்பதால் ஈரம் சீக்கிரம் ஏறும். இரும்பு அலமாரி வேண்டாம். சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வை. பூஞ்சை பிடித்த டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும்.

ஏழு பேரில் ஓர் ஆளாக நான் வரலாமா, இல்லை புதுச்சேரி முகவரிதான் வேண்டுமா என்று வக்கீல் தம்பி பார்த்துச் சொல்லுங்கள். மாமாவையும் சேர்த்துக்கொள். அந்த நாலு படத்தின் பெயரை எனக்கு அனுப்பு, அதே நாலைத்தான் எங்களுக்கும் கொடுத்தார்களா என்று பார்க்கணும்.